நகக் கட்டிடத்துக் கோடு

போனில் பேசிய பெண் மிகவும் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். டிரைவருக்கு அதுவே உறுத்தியது. டவுன் பஸ் ஓட்டுகிறவரை யாரும் "ஐயா" போட்டுக் கூப்பிடுவதில்லை. அப்படிக் கூப்பிட்டால் ஏதோ கெட்ட செய்தி வருகிறது என்பதுதான் அவர் அனுபவம்.

"ஐயா, உங்க புள்ளி கோட்டுல இல்லை."

"என்னது இல்லை?"

"புள்ளிங்க ஐயா. கோட்டை விட்டு ரொம்ப தள்ளி நிக்குது. பயப்படாதீங்க. நாளைக்கு வரும்போது வீட்டுல யாரையாவது துணைக்குக் கூட்டிட்டு வாங்க. தனியா மட்டும் வராதீங்க."

பயப்படாதே என்று சொல்லிவிட்டுத் துணைக்கு ஆள் கூட்டி வரச் சொன்னால் எந்த மனிதன் பயப்படாமல் இருப்பான்? அதிலும் டிரைவருக்குப் பயப்பட ஒரு சொந்தக் காரணம் இருந்தது. அவருடைய அப்பா நாற்பத்தொன்பது வயதில், செருப்பு மாட்டக் குனிந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அந்த வயது இப்போது டிரைவருக்கும் வந்துகொண்டிருந்தது. செருப்பு மாட்டும்போதெல்லாம் அவருக்கு உள்ளே ஒரு நடுக்கம் ஓடும். ஆகவே நின்றுகொண்டே மாட்டுகிற செருப்பாகப் பார்த்து வாங்கியிருந்தார்.

போன் வந்த இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வயது வந்தோர் செலினிய-கொழுப்பு உறவு ஆய்வு நிலையம் என்பது அதன் முழுப் பெயர். அதை மூச்சு விடாமல் சொல்லிப் பழகியவர்களுக்குத்தான் அங்கே வேலை கிடைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. ஊர் ஜனங்கள் நகக் கட்டிடம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நாற்பது தாண்டிய பஸ் டிரைவர்களை டெப்போ வருடம் ஒருமுறை அங்கே அனுப்பும். ரத்தம் எடுத்துக் கொழுப்பைப் பார்ப்பார்கள். கால் நகத்தை வெட்டி எடுத்துச் செலினியத்தைப் பார்ப்பார்கள்.

செலினியம் மண்ணில் கிடக்கும் ஒரு தாது. மண்ணிலிருந்து தானியத்துக்கும் தானியத்திலிருந்து நமக்கும் வருகிறது. உடம்புக்குத் துளியளவு வேண்டும், அளவு கூடினால் நஞ்சு. அது கூடுதலாக இருப்பவர்களுக்குக் கொழுப்பும் கூடுதலாக இருக்குமா என்று விஷயம் தெரிந்த யாரையாவது கேட்டால், "இருக்கலாம், சில இடங்களில் அப்படித் தெரிகிறது, எதனால் எது என்று அடித்துச் சொல்ல முடியாது" என்று இழுப்பார்கள். இந்த நிலையத்தில் இழுவையே கிடையாது. செலினியம் ஏறினால் கொழுப்பு ஏறும், அவ்வளவுதான். அதற்கு அத்தாட்சியாக வரவேற்பறைச் சுவரில், தரையிலிருந்து கூரை வரை, சாய்வாக ஒரு கோடு. கோட்டின் மேல் வரிசையாகக் குண்டூசிகள். ஒவ்வொரு குண்டூசியும் ஒரு மனிதர். கோட்டை விட்டு வெகுதூரம் தள்ளி, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், ஒரே ஒரு குண்டூசி தனியாகக் குத்தியிருந்தது.

"அதாங்க நீங்க," என்று மறுநாள் மனைவியோடு வந்த டிரைவரிடம் காட்டினார் ஆறுதல் அதிகாரி. போனில் பேசியவர் இவர்தான். கோட்டில் இல்லாதவர்களின் குடும்பத்துக்கு ஆறுதல் சொல்வதற்கென்றே அங்கே தனியாக ஒரு பிரிவும், பெட்டி பெட்டியாகக் கைக்குட்டைகளும் இருந்தன.

டிரைவரின் மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். கசங்கினது எதையும் அவருக்குக் கண்ணெடுத்துப் பார்க்கப் பிடிக்காது, பேச்சு உட்பட. "இவருக்கு உடம்புக்கு என்னன்னு நேரா சொல்லுங்க," என்றார்.

"செலினியம் ரொம்ப ரொம்ப அதிகம்மா."

"கொழுப்பு?"

ஆறுதல் அதிகாரி ஒரு கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "சரியான அளவுல இருக்கு. மனசைத் தேத்திக்கோங்க."

"சரியா இருந்தா நல்லதுதானே?"

"எல்லாரும் முதல்ல அப்படித்தாம்மா நினைக்கிறாங்க. இவ்வளவு செலினியம் இருக்கிறவருக்கு எவ்வளவு கொழுப்பு இருக்கணும்னு கோடு சொல்லுது பாருங்க. அது இவர்கிட்ட இல்லை. அப்ப அது எங்க போச்சு?"

தன் உடம்பில் எங்கேயோ காணாமல் போன கொழுப்பு ஒளிந்திருக்கிறது, என்றைக்காவது ஒருநாள் செருப்பு மாட்டும்போது வெளியே வரும் என்று டிரைவருக்குத் தோன்றியது. அப்பா போன விதத்தைத் திக்கித் திணறிச் சொன்னார்.

ஆறுதல் அதிகாரியின் முகம் மலர்ந்தது. "மாரடைப்பா? அப்ப உங்கப்பா நிச்சயமா கோட்டுலதான் இருந்திருப்பார். அந்த விஷயத்துல நீங்க நிம்மதியா இருக்கலாம்."

அதற்குள் இயக்குநரே வந்துவிட்டார். உயரமான மனிதர். பல வருடமாகக் கோட்டைத் தலை சாய்த்துப் பார்த்துப் பார்த்து, கழுத்து அந்தச் சாய்விலேயே நின்றுபோயிருந்தது. டிரைவரின் தோளில் கை வைத்தார். அவர் பேச ஆரம்பித்ததும் சிப்பந்திகள் வேலையை நிறுத்திவிட்டு வரிசையாக வந்து நின்றார்கள்.

"நான் இந்தப் பொறுப்புக்கு வந்தப்ப இங்க கோடே இல்லை. புள்ளிங்க அங்கொண்ணும் இங்கொண்ணுமா கிடந்துச்சு. ஜனங்க தன் இஷ்டத்துக்கு வாழ்ந்துக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தருக்கு செலினியம் அதிகம், கொழுப்பு கம்மி. இன்னொருத்தருக்கு நேர்மாறு. இதை வெச்சுக்கிட்டு எப்படிங்க ஒரு நிலையம் நடத்தறது? முதல்ல கோட்டைப் போட்டோம். அப்புறம் பொறுமையா ஒவ்வொருத்தரையும் கோட்டுக்குக் கொண்டுவந்தோம். இப்ப வெளியில நிக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

"எப்படிங்க கொண்டுவந்தீங்க?"

"அன்பா."

வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். டிரைவர் கோட்டை அண்ணாந்து பார்த்தார். மேலே போகப் போகக் குண்டூசிகள் குறைந்து, கூரைக்குப் பக்கத்தில் வெறும் கோடு மட்டும் இருந்தது. "அங்க ஏங்க யாரும் இல்லை?" என்று கேட்டார்.

"இருந்தாங்க," என்றார் இயக்குநர். "இப்ப ரத்தம் குடுக்க வர்றதில்லை."

டிரைவர் சட்டென்று கண்ணைக் கீழே இறக்கிக்கொண்டார்.

செலினியத்தை எப்படிக் குறைப்பது என்று அவர்களுக்குத் தெரியாதாம். ஆகவே கொழுப்பை ஏற்றுவது என்று முடிவானது. வெண்ணெய், முட்டை மஞ்சள்கரு, தோலோடு பொரித்த கோழி. நடக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது. சிரிப்பது கூட ஒருவகை உடற்பயிற்சி என்பதால் அளவோடு சிரிக்க வேண்டும். இதை ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் மனைவி அவரிடம் இரண்டு கேள்வி கேட்டிருப்பார். இதைச் சொன்னதோ ஒரு கட்டிடம். கட்டிடத்திடம் யார் வாயாடுவது?

"எனக்கு இது சரியாப் படலைங்க," என்றார் மனைவி, வீட்டுக்கு வந்ததும். "நல்லா இருக்கிற மனுஷனைப் போய்..."

"உனக்கென்ன, நீ கோட்டுல இருக்கே," என்றார் டிரைவர். "வெளியில நிக்கிறவனுக்குத்தான் தெரியும்."

"நான் எப்ப கோட்டுல இருந்தேன்? என் நகத்தை எவனும் தொட்டதில்லை."

காலேஜ் போகிற மகள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, அவங்க சொல்றது தலைகீழா இருக்குப்பா. கோடு ஆளுங்களைப் பார்த்துத்தானே போடுவாங்க? ஆளைப் பிடிச்சுக் கோட்டுல ஏத்துவாங்களா?"

"நீ சும்மா இரு பாப்பா. பெரியவங்க சமாச்சாரம்."

அவர் டெப்போவில் லீவு சொன்னார். பஸ் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு ஓட்டும்போது ஒளிந்திருக்கும் கொழுப்பு வெளியே வந்துவிட்டால் அத்தனை பேர் கதி என்ன ஆகும் என்று நினைத்தே அவருக்கு வேர்த்தது. வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். பயந்துகொண்டே சாப்பிட்டார். பாதியில் நிறுத்தினால் புள்ளி நகராதோ என்று பயந்து இன்னும் ஒரு துண்டு போட்டுக்கொண்டார். தாடை இரட்டையானது. பாத்ரூம் வரை போய் வந்தாலே மூச்சு வாங்கியது. ஒவ்வொரு முறை ரத்தம் கொடுத்துவிட்டு வரும்போதும் ஆறுதல் அதிகாரி போன் செய்து, "பிரமாதம் ஐயா, தண்ணிக் குழாயைத் தாண்டிட்டீங்க," என்றோ, "காலண்டர்கிட்ட வந்துட்டீங்க," என்றோ உற்சாகப்படுத்தினார்.

கடைசியில் கோட்டைத் தொட்டுவிட்டார். இயக்குநரே ஏணியில் ஏறிக் குண்டூசியைக் குத்தினார். போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் டிரைவர் கன்னம் உப்பி, கண் இடுங்கி, நெஞ்சின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். பார்த்தவர்கள் பணிவு என்று நினைத்தார்கள். உண்மையில் அவருக்கு அங்கே இறுக்கமாக இருந்தது. இந்தப் படம் நிலையத்தின் ஆண்டு மலரில் முழுப் பக்கத்துக்கு வந்தது.

அந்த வாரமே நிலையத்தின் லிஃப்ட் பழுதாகி நின்றது.

இது ஒரு சாதாரண விஷயமாகப் படலாம். நகக் கட்டிடத்தில் நகத்தை வெட்டுவது முதல் மாடி, அளப்பது இரண்டாவது மாடி, கழுவுவது மூன்றாவது மாடி. கழுவி அல்லவா அளக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கலாம். கழுவும் பிரிவின் தலைவர் அளக்கும் பிரிவின் தலைவரை விடப் பணியில் மூத்தவர். மூத்தவருக்குக் கீழ் மாடி கொடுக்க முடியுமா? ஆகவே நகங்கள் லிஃப்டில் ஏறி, வழியில் அளக்கப்பட்டு, பிறகு மேலே போய்ச் சுத்தமாகக் கழுவப்பட்டு, குப்பையில் போடப்பட்டன. நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். லிஃப்ட் நின்றதும் நகத்தைப் படி வழியாகத் தூக்கிப் போன பியூன், முதலில் மூன்றாம் மாடிவரை ஏறி அங்கே கழுவ வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கும் வழியில் இரண்டாம் மாடியில் கொடுத்தார். சரித்திரத்தில் முதல்முறையாகக் கழுவிய நகம் அளக்கப்பட்டது. டிரைவரின் செலினியம் மிகவும் குறைவாக இருந்தது.

பொடுகு. பஸ் புழுதியில் டிரைவருக்குத் தலை நிறையப் பொடுகு. அதற்கு அவர் போடும் ஷாம்பூவில் செலினியம் உண்டு. குளிக்கும்போது தலையில் போட்டது வழிந்து கால் விரலில் தங்கிவிடும். அவர்கள் இத்தனை நாள் அளந்தது அந்த ஷாம்பூவைத்தான்.

இப்போது கொழுப்பு வானத்தில், செலினியம் பாதாளத்தில். குண்டூசியைக் கோட்டின் அந்தப் பக்கம், ஜன்னலைத் தாண்டிக் குத்த வேண்டியிருந்தது. டிரைவரையும் மனைவியையும் கூட்ட அறையில் நீள மேஜையின் கடைசியில் உட்கார வைத்தார்கள்.

இயக்குநர் எழுந்தார். "நம்ம நிலையத்துல தப்பு நடந்துச்சுன்னு யாராவது நினைச்சா அது அவங்க முதிர்ச்சியின்மை. நகத்துக்கு ரெண்டு உண்மை இருக்கு. கழுவறதுக்கு முன்னாடி ஒண்ணு, கழுவின பிறகு ஒண்ணு. ரெண்டையும் கண்டுபிடிச்சது நாமதான். உலகத்துல வேற எந்த நிலையமும் ஒரு உண்மைக்கு மேல கண்டுபிடிச்சதில்லை."

கைதட்டல் அடங்கியதும் மனைவி எழுந்தார். "சார், இவர் முன்ன நல்லாத்தானே இருந்தார்? பழைய சாப்பாட்டையே போடறேன், நடக்கச் சொல்றேன். கொழுப்பு இறங்கிடும். உங்க கோட்டுக்கும் வந்துடுவார். முடிஞ்சுதுல்ல?"

அளக்கும் பிரிவின் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆறுதல் அதிகாரி கைக்குட்டைப் பெட்டியைத் திறந்தார்.

"அம்மா," என்றார் இயக்குநர், குழந்தைக்குச் சொல்வது போல. "அவரோட கொழுப்பு ஆண்டு மலர்ல அச்சாயிடுச்சு. போட்டோவோட. அதை இனிமே இறக்க முடியாது. செலினியத்தை ஏத்தறதுதான் மனிதாபிமானமுள்ள வழி."

பெரிய பெரிய மாத்திரைகள் கொடுத்தார்கள். மனைவி அவற்றை ஜன்னல் வழியாக வீசப் போனார். டிரைவர் அழுதேவிட்டார். "எங்கப்பன் போன மாதிரி என்னைப் போகச் சொல்றியா? வெளியில நின்னா செத்துப் போயிடுவேன்டி. குடு." அப்படி ஒரு பயத்தை மனைவி அவர் கண்ணில் பார்த்ததே இல்லை. மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் அவரும் அழுதார்.

சில வாரங்களில் டிரைவரின் மூச்சில் பூண்டு வாடை அடித்தது. அவர் பூண்டைத் தொட்டதே இல்லை. வாரினால் சீப்போடு முடி வந்தது. விரல்கள் மரத்துப் போயின. பிறகு ஒரு காலையில், காலுறையைக் கழற்றும்போது, கட்டை விரல் நகம் காலுறைக்குள்ளேயே நின்றுவிட்டது. வலி கூட இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கட்டிலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். மற்ற நகங்களும் பின்னாலேயே போயின.

நகம் வெட்டும் அதிகாரி முதல் மாடியில் வெள்ளி நிற நகவெட்டியோடு தயாராக இருந்தார். டிரைவர் காலை நீட்டினார். அதிகாரி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

"எங்க சார் நகம்?"

"விழுந்துடுச்சுங்க."

"நகம் இல்லாம எப்படிங்க செலினியம் பார்க்கறது? இப்படி வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது? கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா?"

"நீங்க குடுத்த மாத்திரையாலதாங்க..."

"மாத்திரை வேற பிரிவு."

இயக்குநர் வந்தார். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாமா என்று யோசித்தார்கள். அளக்க முடியாத ஆளுக்குச் செலினியம் இருப்பதாகவும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது, ஆகவே அப்படி ஒரு ஆளே இருப்பதாகச் சொல்ல முடியாது என்று கண்டார்கள். இயக்குநர் குண்டூசியைப் பிடுங்கித் தன் வெள்ளை அங்கியின் கழுத்து மடிப்பில் குத்திக்கொண்டார். சுவரில் கோட்டுக்கு வெளியே இப்போது யாருமே இல்லை. சிப்பந்திகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஆறுதல் அதிகாரிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

டிரைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"ஐயோ! யாராவது டாக்டரைக் கூப்பிடுங்க!" என்று மனைவி கத்தினார்.

சுற்றிப் பதினைந்து இருபது பேர் நின்றார்கள். எல்லோருடைய அங்கிப் பையிலும் டாக்டர் என்று எழுதியிருந்தது. அளக்கும் பிரிவின் தலைவர்தான் வாயைத் திறந்தார். "நாங்க அளக்கிறவங்கம்மா. வைத்தியம் பார்க்கிறதில்லை. அதோட, இவர் இப்ப ஆய்வுல இல்லை."

மனைவி அதற்கு மேல் பேச்சு வளர்க்கவில்லை. புருஷனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, தன் முதுகில் சாய்த்துக்கொண்டு, படியிறங்கி, வண்டிகள் ஹாரன் அடிக்க அடிக்கத் தெருவைக் கடந்து, எதிரே இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இஸ்திரிப் பெட்டி தூக்கிப் பழகிய கை.

அங்கே ஒரு பெண் டாக்டர் இருந்தார். தூக்கம் போதாத கண். டிரைவரின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார், மூச்சை முகர்ந்து பார்த்தார், காலைப் பார்த்தார், மாத்திரை டப்பாவைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இதை யார் குடுத்தது?"

மனைவி ஜன்னல் வழியாகக் கை காட்டினார்.

"ஓ," என்றார் டாக்டர். வேறெதுவும் கேட்கவில்லை. முன்பே நிறையப் பேர் அங்கிருந்து வந்திருப்பார்கள் போல. "இன்னும் கொஞ்ச நாள் சாப்பிட்டிருந்தா இங்க கொண்டு வந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது. இப்ப பொழைச்சுக்குவார். மாத்திரையைத் தூக்கிப் போடுங்க. வெண்ணெயையும்தான். முன்ன எப்படி இருந்தாரோ அப்படியே இருக்கட்டும்."

"டாக்டர், நான் இப்ப கோட்டுல இருக்கேனா?" என்று டிரைவர் கட்டிலில் படுத்தபடி, குரல் எழும்பாமல் கேட்டார்.

"எந்தக் கோடுங்க?"

டிரைவர் அந்த டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார்.

உடம்பு மெல்லத் தேறியது. தாடை ஒன்றானது. விரல்களில் உணர்வு திரும்பியது. நகம் வர மாதக்கணக்காகும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் காலுறையோடேயே வீட்டுக்குள் நடந்தார். டெப்போவில் அடுத்த வாரம் சேர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டார்கள். அப்பாவின் வயதைத் தாண்டிவிடலாம் என்று பல வருடங்களில் முதல்முறையாக அவருக்கு நம்பிக்கை வந்தது. அன்று சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்தார். எதிரே மகள் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, நாக்கை லேசாகக் கடித்தபடி, கால் நகங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"வணக்கம் ஐயா. எப்படி இருக்கீங்க?" ஆறுதல் அதிகாரியின் குரல். "ஒரு நல்ல விஷயத்துக்குத்தான் கூப்பிட்டேன். உங்க பொண்ணுக்கு நேத்து பதினெட்டு முடிஞ்சுதாமே. வயது வந்தோர் ஆயிட்டாங்க. வாழ்த்துச் சொல்லலாம்னு. நாளைக்கு அவங்களை..."

டிரைவர் மகளின் காலைப் பார்த்தார். பத்து நகமும் பளபளவென்று இருந்தன.

"அவளுக்கு நகமே இல்லைங்க!" என்றார்.

"என்னங்க ஐயா?"

"நகம் இல்லைங்க. பொறந்ததுலேர்ந்தே இல்லை. என் சம்சாரத்துக்கும் இல்லை. எங்க வீட்டுல யாருக்குமே கிடையாதுங்க. பரம்பரையாவே இல்லை." வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார். மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்து நின்றார்.

மறுமுனையில் நாற்காலிகள் இழுபடுகிற ஒலியும், பலர் ஒரே நேரத்தில் பேசுகிற ஒலியும் கேட்டன. பிறகு இயக்குநரின் குரல் வந்தது. அதில் அப்படி ஒரு பாசம் இருந்தது.

"பரம்பரையாவா? மொத்தக் குடும்பமுமா? இதை ஏங்க முன்னாடியே சொல்லலை? நகம் இல்லாதவங்களுக்குன்னு ஒரு தனிக் கோடே போடலாமே! நீங்க யாரும் வெளியில போகாதீங்க. எதையும் சாப்பிடாதீங்க. நாங்களே வர்றோம்."

டிரைவர் போனை வைத்தார். "பாப்பா, காலுறை போடு," என்றார்.

"எதுக்குப்பா? சாயம் இன்னும் காயலை."

"போடுன்னா போடு!"

அவர் அந்த மாதிரி கத்தி அவள் கேட்டதில்லை. முகம் வெளுத்து, ஈரச் சாயத்தின் மேலேயே காலுறையை இழுத்து மாட்டினாள். மனைவி கதவின் மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டு, விளக்கை அணைத்தார். மூன்று பேரும் கட்டிலுக்குப் பின்னால் தரையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். மகளின் கையை டிரைவர் இறுகப் பிடித்துக்கொண்டார்.

தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது. பிரேக் பிடித்த சத்தத்தை வைத்தே டிரைவருக்குத் தெரிந்துவிட்டது, பெரிய வண்டி. மூன்று பேரும் தாராளமாக உட்காரலாம்.